வீடு வரைக்கும் ஓட்டியவன்

அந்த ஆடி வெள்ளிக்கிழமை காலையில் மங்களம் அரைத்துக்கொண்டிருந்த மசாலையை அவளுடைய ஓரகத்தி பாப்பா வந்து அப்படியே வழித்து வேறு தட்டில் போட்டுக்கொண்டு போனாள்.

“நீ இதைத் தொடாதலா மங்களம்... சாமிக்குப் போற பொருளு. குடிகாரன் பொண்டாட்டி கை பட்டா லோரிக்கு ஆகாதாம். நான் சொல்லலை, உன் பெரிய மச்சான்தான் சொல்றாரு!”

மங்களம் அம்மியைக் கழுவினாள். பாப்பா தனக்குப் பிடிக்காத எதையும் தன் வாயால் சொன்னதில்லை. எல்லாவற்றையும் புருஷன் ஜெயபாலன் தலையில் கட்டிவிடுவாள். அந்த வீட்டில் இருந்த ஏழு பேரின் துணியைத் துவைக்கும்போதும், எச்சில் தட்டுகளைக் கழுவும்போதும் குடிகாரன் பொண்டாட்டியின் கை யாருக்கும் தீட்டாகப் படவில்லை என்பதை மட்டும் அவள் மனத்துக்குள் குறித்துக்கொண்டாள்.

வாசல்படியில் மாமியார் இருளாயி உட்கார்ந்து வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள். மருமகள் பக்கத்தில் வந்ததும் கிழவி முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டாள். இந்த ஒரு வருஷமாகவே அப்படித்தான். மகன் செய்த அசிங்கத்துக்கு மருமகள் முகத்தைப் பார்க்கக்கூடப் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று மங்களம் நினைத்திருந்தாள்.

“அவளும் வரட்டும்,” என்றாள் இருளாயி, யாரையும் பார்க்காமல். “போன வருசம் பூசை அரையும் குறையுமாப் போச்சி. இந்தத் தடவை குடும்பத்தோட போயி கெடா வெட்டிட்டு வந்துருவோம். சட்டி பானை கழுவ ஆளு வேணாமா?”

அப்படித்தான் மங்களமும் அன்றைக்கு லோரியில் ஏறினாள். பானைகளுக்கு நடுவே, மகள் தேவகியை மடியில் வைத்துக்கொண்டு.

அது ஜெயபாலனின் லோரி. சிம்பாங் பூலாய் கல்லுமலையிலிருந்து ஈப்போவுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றுவது அதன் வேலை. பெர்மிட் ஜெயபாலன் பெயரில் இருந்தது. ஆனால் லோரி ஓட்டுகிற லைசென்ஸ் அவனுக்குக் கிடையாது. அது மங்களத்தின் புருஷனான தம்பி அர்ச்சுனனிடம்தான் இருந்தது. அண்ணன் முதலாளி, தம்பி டிரைவர், புந்தோங்கில் ஒரே கூரைக்குக் கீழே இரண்டு அடுப்பு இல்லாத குடும்பம் என்று ஊரே மெச்சிக்கொண்டது. அந்த மெச்சலுக்கு ஆயுசு ஒரு வருஷம் கூட இல்லை. லோரி வாங்கி முதல் ஆடிப் பூசைக்குப் போய்த் திரும்பும்போது அது சுங்கை சிப்புட் சாலையில் அப்பாவு என்ற கிழவரின் சைக்கிளை அடித்துச் சாய்த்தது. அப்பாவுவின் ஒரு கால் போயிற்று. போலீஸ் வந்தபோது, லோரியை ஓட்டியது நான்தான் என்று அர்ச்சுனன் சொன்னான். அவன் சட்டையெல்லாம் சம்சுச் சாராய நாற்றம்! ஆஸ்பத்திரியில் டாக்டர் தரையில் கோடு கிழித்து நடக்கச் சொன்னாராம். அர்ச்சுனன் இரண்டடி வைத்துச் சுவரைப் பிடித்துக்கொண்டானாம்.

மங்களம் போலீஸ் லோக்காப்புக்கு ஓடினாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நெற்றி வீங்கிப் போய் அவன் நின்றான்.

“குடிச்சீங்களா?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“என் கையில கற்பூரத்தை அணைச்சு சத்தியம் பண்ணீங்களே... ஏங்க... குடிச்சீங்களா?”

அவன் நிமிரவே இல்லை. மங்களம் தரையில் காறித் துப்பிவிட்டு வெளியே வந்துவிட்டாள். அதன்பிறகு அவனோடு ஒரு வார்த்தை பேசவில்லை. கோர்ட்டுக்குப் போகவில்லை. தைப்பிங் சிறைக்கும் போகவில்லை.

அவளுக்கு அது வெறும் குடி இல்லை. தோட்டத்தில் இருந்த காலத்தில் ஒருமுறை அர்ச்சுனன் கள்ளுக்கடையிலிருந்து நேராகப் போய்த் தோட்டத்து லோரியைக் கால்வாயில் இறக்கினான். அபராதம் போட்டு லைசென்ஸைப் பிடுங்கிக்கொண்டார்கள். அது திரும்பக் கிடைக்கும்வரை, வயிற்றில் தேவகியைச் சுமந்துகொண்டு அவனுக்கு விட்ட நிறையையும், அந்த ரப்பர் மர வரிசையையும், சேர்த்துப் பால்மரம் வெட்டியவள் மங்களம். லைசென்ஸ் கைக்கு வந்த அன்று அவன் மாரியம்மன் கோயிலில் வைத்துச் சத்தியம் செய்தான். செய்தவன் காப்பாற்றவும் செய்தான். தீபாவளிக்குக்கூடத் தொடமாட்டான். அந்த நம்பிக்கையில்தான் அவள் தலை நிமிர்ந்து நடந்தாள். அதைத்தான் அவன் ஒரு போத்தலுக்கு விற்றுவிட்டான் என்று அவள் நம்பினாள். கோர்ட்டிலும், கூலிக்குப் பெரிய வண்டி ஓட்டுகிறவன், ஒருமுறை பட்டும் திருந்தவில்லை என்று சொல்லித்தான் சிறைத்தண்டனை கொடுத்தார்கள். லோரி லைசென்ஸும் அதோடு போயிற்று. சரியான தீர்ப்பு என்றுதான் மங்களம் நினைத்தாள்.

*

அவர்கள் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றுப் பல வருஷம் ஆகிவிட்டது. தொழிலாளர் குடியிருந்த லயங்கள் இருந்த இடத்தில் இப்போது யாரோ செம்பனை நட்டிருந்தார்கள். சாலையோரத்து முனியாண்டியை மட்டும் யாரும் வாங்கவில்லை. அவரும் போகவில்லை. மாயாண்டி பூசாரி தகரக் கொட்டகை போட்டு அவரைப் பார்த்துக்கொண்டார்.

கெடா வெட்டியாயிற்று. முனிக்குச் சுருட்டும் சம்சுப் போத்தலும் படைத்தாயிற்று. கொட்டகைக்குப் பின்னால் மங்களம் தண்ணீர்க் குழாயடியில் குண்டான்களைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, கை கழுவ வந்த மாயாண்டி அவளை அடையாளம் கண்டுகொண்டார்.

“நீ அர்ச்சுனன் சம்சாரம்தானேம்மா? எப்ப வெளிய விடுறாங்க அவனை? பாவம்மா... தங்கமான புள்ளை. போன வருசம் படையல் போத்தலை நானே ரெண்டு தடவை நீட்டுனேன். ‘வேணாம் சாமி, எம் பொண்டாட்டி கையில சத்தியம் பண்ணியிருக்கேன்’னு திருநீறு மட்டும்தான் வாங்கிக்கிட்டான்.”

மங்களத்தின் கை நின்றது.

“இங்க குடிக்கலைன்னா வழியில எங்கயாச்சும் நிறுத்திக் குடிச்சிருப்பாரு சாமி.”

“எப்புடிம்மா நிறுத்துறது? நம்ம முனிக்கு அது ஆகாதே! வண்டிக்குச் சொந்தக்காரன்தான் படையல் போத்தலைக் குடிக்கணும். அவனேதான் சீட்டுல ஏறி, எலுமிச்சம்பழத்தை நசுக்கி, வீடு வரைக்கும் ஓட்டணும். நடுவுல நிறுத்தவும் கூடாது, வேற கைக்கு மாத்தவும் கூடாது. மாத்துனா முனி வண்டியை விட்டு எறங்கிரும். மாட்டு வண்டிக் காலத்துலேருந்து ஆம்பளைங்களுக்கு இது தெரியும். ஜெயபாலன்தானே ஏறி உக்காந்தான்... நான்தானே டயருக்குப் பழம் வெச்சேன்!”

“அப்ப... கேசு?”

“நானும் கேள்விப்பட்டேன். லைசென் அர்ச்சுனன் பேர்ல இருக்கிறதால அவன் பேர்லதான் எழுதிக்குவாங்க போலன்னு நெனைச்சிக்கிட்டேன். நமக்கென்ன சட்டம் தெரியும்?” என்று சொல்லிவிட்டு மாயாண்டி துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

அவருக்குத் தான் என்ன சொல்லிவிட்டோம் என்பதே தெரியாது. மங்களம் கரிபிடித்த கையோடு எழுந்து நின்றாள். ஓட்டியது அவரில்லை... குடித்ததும் அவரில்லை... கம்பிக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றாரே, அது எதற்காக?

கொட்டகைக்கு முன்னால் குலவைச் சத்தம் கேட்டது. அவள் ஓடினாள்.

ஜெயபாலன் போத்தலில் கடைசிச் சொட்டையும் அண்ணாந்து விட்டுக்கொண்டு புறங்கையால் வாயைத் துடைத்தான். கண் இரண்டும் சிவந்திருந்தன. லோரிக்குப் பின்னால் பிள்ளைகள் எல்லாரும் ஏறியாயிற்று. தேவகியும் பாப்பாவின் மகள்களும் பக்கப்பலகையைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டு நின்றார்கள். முன்னால் இருளாயி ஏறி உட்கார்ந்திருந்தாள். அர்ச்சுனனுக்குப் பதிலாகச் சேர்ந்த டிரைவர் சின்னையா, வேலை இல்லாதவராக ஓரமாய் நின்றார். டயர்களுக்கு முன்னால் மஞ்சளாய் எலுமிச்சம்பழங்கள்.

மங்களம் நேராகப் போய் லோரிக்கு முன்னால் நின்றாள்.

“எறங்குங்க பெரிய மச்சான்.”

“என்னலா இது? சாமி காரியத்துல... நவுறு!”

“எறங்குங்க. போன வருசம் அப்பாவு தாத்தா காலு போச்சி. இந்த வருசம் யாரு காலு வேணும் உங்களுக்கு? பின்னால நிக்குதே, எம் மகளும் உங்க மகளுங்களும்... அதுங்க உசிரு வேணுமா?”

கல்லுமலை லோரிக்காரர்கள் பத்துப் பதினைந்து பேர் படையல் சோற்றுக்காக வந்திருந்தார்கள். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

பாப்பா பாய்ந்து வந்தாள். “உனக்குப் பைத்தியமாலா புடிச்சிருக்கு? ஓட்டுனது உம் புருசன்! குடிச்சது உம் புருசன்! செயில்ல கெடக்கிறது யாரு?”

“அதைத்தான் அக்கா நானும் கேக்குறேன். செயில்ல கெடக்கிறது யாரு... யாருக்காகக் கெடக்காரு? முனி வழக்கப்படி வீடு வரைக்கும் ஓட்டுனது யாரு? உங்க புருசனையே கேளுங்க!”

பாப்பா புருஷனைக் கேட்கவில்லை. மாமியாரைப் பார்த்தாள். அந்த ஒரு பார்வையில் மங்களத்துக்குப் புரிந்துவிட்டது. பாப்பாவுக்குத் தெரியும். கிழவிக்கும் தெரியும். இந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும். தனக்கு மட்டும்தான்...

“முனி கோவிச்சுக்கும்... நவுறு...” என்று ஜெயபாலன் குழறிக்கொண்டு சாவியைத் திருகினான். எஞ்சின் உறுமியது. மங்களம் நகரவில்லை.

“முனி கோவிச்சா எம்மேல கோவிக்கட்டும்! ஏத்துங்க... என் மேல ஏத்திட்டு, இதையும் எம் புருசன்தான் பண்ணாருன்னு எழுதிக் குடுத்துருங்க!”

இருளாயி கதவைத் திறந்துகொண்டு இறங்கினாள். சுற்றிப்போய் மூத்த மகனின் பக்கத்துக் கதவைத் திறந்து, கையை நீட்டிச் சாவியைப் பிடுங்கினாள். பிடுங்கியவள் அப்படியே லோரிப் படியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

“நான்தான்லா சொன்னேன்...” என்று கிழவி தலையில் அடித்துக்கொண்டாள். “ரோட்டுல அந்த மனுசன் ரத்தமாக் கெடக்காரு... வீட்டுக்கு ஆளு வந்து சொல்லி ஓடுனேன். இவனுக்கு லைசென் இல்லை, குடிச்சிருக்கான், புடிச்சா பெர்மிட்டும் போவும், லோரியும் போவும், மூணு பொட்டைப் புள்ளைங்க... ‘நீ குடிக்கலையேடா, நீ ஓட்டுனேன்னு சொன்னா அவராதத்தோட விட்டுருவாங்க’ன்னு சின்னவன் கால்ல விழுந்தேன்லா! பெத்தவ கால்ல விழுந்தா அவன் என்ன பண்ணுவான்? போத்தலு அவன் மேல ஒடஞ்சி ஊத்தியிருக்கிறது எனக்குத் தெரியலையே... பழைய கேசு இருக்கிறது எனக்கு ஞாபகம் இல்லையே...”

“எனக்கு ஏன் அத்தே சொல்லலை?”

கிழவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

“ஒரு வருசமா உங்க கையால சோறு வாங்கித் தின்னேனே... குடிகாரன் பொண்டாட்டின்னு கூப்பிட்டப்ப எல்லாரும் கேட்டுக்கிட்டு இருந்தீங்களே... ஒருத்தருக்குக்கூட வாய் வரலையா?”

மங்களம் மாமியார் கையிலிருந்த சாவியை வாங்கினாள். “சின்னையா அண்ணே, நீங்க ஓட்டுங்க. பிள்ளைங்க வீட்டுக்குப் போகணும்.”

சின்னையா ஒருமுறை முனியைப் பார்த்தார், ஒருமுறை கூட்டத்தைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

*

மறுநாள் மங்களம் ஈப்போவில் வக்கீல் இராஜசிங்கத்தின் ஆபீசுக்குப் படியேறினாள். யாழ்ப்பாணத்துக்காரர். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் எல்லாவற்றையும் கேட்டார்.

“பிள்ளை, இது லேசான விசயமில்லை. உம்மட மனுசன் கோர்ட்டிலை தன்ரை வாயாலை குற்றத்தை ஒத்துக்கொண்டவர். அதை மாத்த வேணுமெண்டால், உண்மையிலை ஓட்டின ஆள் வந்து சொல்ல வேணும். சொன்னால் குடிச்சுப்போட்டு ஓட்டினது, லோரி லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினது, ஒரு மனுசன்ரை கால் போனது எல்லாம் அவரின்ரை தலையிலை வரும். உம்மட மனுசனுக்கும் பொய் சொன்னதுக்கு ஒரு வழக்கு வரும். யோசிச்சுப் பாரும். கொஞ்ச நாளிலை அவர் எப்பிடியும் வெளியிலை வந்திடுவார்.”

“வந்தா லோரி லைசென் திரும்பக் கெடைக்குங்களா ஐயா?”

“கிடைக்காது. ரெண்டு முறை குடிச்சு ஓட்டினவர் எண்ட பேர் இருக்கிற மட்டும் ஆரும் அவரிட்டை ஒரு பெரிய வண்டியைக் குடுக்கமாட்டினம்.”

“அப்ப அந்தப் பேரு போகணுங்க ஐயா. செயிலு பரவாயில்லை. அந்தப் பேருதான் போகணும்.”

அங்கிருந்து அவள் தைப்பிங்குக்குப் பஸ் ஏறினாள். சிறையில் கம்பி வலைக்கு அப்பால் அர்ச்சுனனைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். மெலிந்து போயிருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்துவிட்டான்.

“மங்களம்... வந்துட்டியா... புள்ளை எப்படி இருக்கு?”

“யாருங்க ஓட்டுனது?”

அவன் மெதுவாக உட்கார்ந்தான்.

“எல்லாம் தெரிஞ்சி போச்சிங்க. மாயாண்டி சாமி சொன்னாரு. அத்தையும் ஊரு பாக்கச் சொல்லிட்டாங்க.”

“அம்மா கால்ல விழுந்துட்டாங்க மங்களம். வெறும் அபராதம்னுதான் நெனைச்சேன். அடிச்ச வேகத்துல போத்தலு ஒடஞ்சி எம்மேல ஊத்திருச்சி. மண்டையில அடி... டாக்டரு நடன்னப்ப தரை சுத்துச்சி. அதுக்கப்புறம் இல்லைன்னு சொன்னா அண்ணனைப் புடிச்சிருவாங்க. விடு. இன்னும் கொஞ்ச நாளு. வீணா அண்ணன் குடும்பத்தைக் கெடுத்துறாத...”

“அது கெடக்கட்டும். எங்கிட்ட ஏன் சொல்லலை?”

“உங்கிட்ட சொன்னா நீ ஊரைக் கூட்டிருவேன்னு அம்மா சொன்னாங்க...”

“அம்மா சொன்னாங்க! நீங்க என்ன நெனைச்சீங்க?”

அர்ச்சுனன் உள்ளங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். “நீ சும்மா இருக்கமாட்டேன்னு எனக்கும் தெரியும்.”

“பாத்தீங்களா... மங்களம் பொய்க்குத் துணை போகமாட்டான்னு தெரிஞ்சிருக்கு. என்னை அவ்ளோ நல்லாத் தெரிஞ்ச மனுசன்தானே... நான் காறித் துப்புனப்ப எப்படிங்க வாங்கிக்கிட்டு நின்னீங்க? ‘நான் குடிக்கலைடி’ன்னு அந்த ஒரு வார்த்தை... அண்ணனைக் காட்டிக் குடுக்க வேணாம், யாரு ஓட்டுனதுன்னு சொல்ல வேணாம். குடிக்கலைன்னு மட்டும் என் காதுல சொல்லியிருந்தா நான் இந்த ஒரு வருசத்தைத் தாங்கியிருப்பேனே! நீங்க குடிச்சிருந்தாக்கூட என்னைக்காச்சும் மன்னிச்சிருப்பேன். இதை எப்படிங்க மன்னிக்கிறது?”

அவன் குலுங்கிக் குலுங்கி அழுதான். அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். நேரம் முடிந்தது என்று வார்டர் வந்து அவன் தோளைத் தொட்டபோது, மங்களம் எழுந்து சேலையைச் சரிசெய்துகொண்டாள்.

“ஊரைக் கூட்டத்தான் போறேன்,” என்று சொல்லிவிட்டு வந்தாள்.

*

ஆனால் அவள் கூட்டவேண்டிய ஊர் ஏற்கெனவே கூடியிருந்தது. முனியாண்டி கோயிலில் நடந்தது கல்லுமலை முழுக்கப் பரவிவிட்டது. ஜெயபாலன் போய் நின்றால் மற்ற டிரைவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். சின்னையா கணக்கு முடித்துக்கொண்டு போய்விட்டார். ஜெயபாலனோ, நான் வக்கீலிடம் போகமாட்டேன், உண்மையைச் சொன்னால் என் பிள்ளைகள் தெருவில் நிற்கும் என்று அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டான். அந்தப் பயமும் பொய்யில்லை என்பது மங்களத்துக்குத் தெரியும்.

அவள் சண்டை போடவில்லை. தேவகியின் துணிகளை மூட்டையாகக் கட்டினாள். சுங்கை சிப்புட்டில் பழைய சிநேகிதி ஒருத்தியின் வீட்டுப் பின்கட்டில் ஒரு அறை கிடைத்தது. பக்கத்துச் சின்னத் தோட்டத்தில் பால்மரம் வெட்ட வேலையும் கிடைத்தது. கத்தியைத் தொட்டு எத்தனையோ காலம் ஆகியிருந்தது. கை மறக்கவில்லை.

போகும்போது மாமியாரின் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். “நான் யாரையும் சபிச்சிட்டுப் போகலை அத்தே. ஆனா உங்க ரெண்டு புள்ளையில ஒருத்தன்கிட்ட மட்டும் வாங்கி இன்னொருத்தனுக்கே குடுத்துட்டீங்க. அதை நீங்களே யோசிங்க.”

அதற்குப் பிறகு அந்த வீட்டில் நடந்ததைப் பாப்பாதான் பின்னால் சொன்னாள். கிழவி இரண்டு நாள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லையாம். மூன்றாம் நாள் காலையில் குளித்து, வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு, மூத்தவன் அறைக் கதவைத் தட்டினாளாம்.

“எந்திரிடா. வக்கீல் வீட்டுக்குப் போவம். நீ வரலைன்னா நான் தனியாப் போயி சொல்லுவேன். எனக்கு இனிமே பயமில்லை... ஒரு புள்ளையை வித்து இன்னொரு புள்ளையைக் காப்பாத்துனவளுக்கு அதுக்கு மேல என்னடா கெட்டது வரும்?”

ஜெயபாலன் கதவைத் திறந்தான். தாடியும் அழுக்குப் பனியனுமாய் நின்றவன், சின்னப் பிள்ளை மாதிரி அம்மாவின் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, “பயமா இருக்கும்மா...” என்றானாம். கிழவி அவன் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள்.

*

வழக்கு மேல் கோர்ட்டு வரை போய் வந்தது. எலுமிச்சம்பழம் வைத்த மாயாண்டியையும் கூப்பிட்டுக் கேட்டார்கள். ஊன்றுகோலோடு வந்த அப்பாவு கிழவர், அடித்து நின்ற லோரியின் டிரைவர் பக்கத்துக் கதவிலிருந்து இறங்கியது தொப்பை போட்ட ஆள்தான் என்று கையை நீட்டிக் காட்டினார். இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டதற்கு, யாரும் என்னைக் கேட்கவில்லையே என்றார். இராஜசிங்கம் அதை எழுதி வைத்துக்கொண்டார்.

அர்ச்சுனன் மேலிருந்த குடிப்பழியை நீக்கினார்கள். பொய் சொன்னதற்கு அபராதம் போட்டார்கள். ஜெயபாலனுக்குச் சிறை. எந்த வண்டியும் ஓட்டக்கூடாது என்ற தடை. லோரியை விற்று அப்பாவுவுக்குக் கொடுப்பதாக அவனே ஒத்துக்கொண்டான்.

கோர்ட்டுத் தாழ்வாரத்தில் அவனைக் கூட்டிக்கொண்டு போகும்போது மங்களத்தின் முன்னால் நின்றான். விலங்கு மாட்டிய கையைக் கூப்ப முடியாமல் அப்படியே நீட்டினான்.

“தங்கச்சி... என்னை...”

“போயிட்டு வாங்க பெரிய மச்சான். அக்காவையும் புள்ளைங்களையும் நான் பாத்துக்கிறேன்.”

பாப்பா ஓவென்று அழுதுகொண்டு மங்களத்தின் தோளில் விழுந்தாள். “உன்னை என்னென்னவோ சொன்னேனேலா... என் வாயில புழு வைக்க...!” புருஷன் தலையில் கட்டாமல் பாப்பா தன் வாயால் ஒரு குற்றத்தைத் தன்மேல் சொல்லிக்கொண்டது அதுதான் முதல்தடவை. மங்களம் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். சுவரோரம் நின்ற மாமியார், ஒரு வருஷத்துக்குப் பிறகு மருமகளை நேருக்கு நேர் பார்த்தாள். பார்த்துக்கொண்டே கண்ணீர் விட்டாள்.

எல்லாரும் கீழே இறங்கிப் போன பிறகும் அர்ச்சுனன் தூணோரமாக நின்றுகொண்டிருந்தான். விடுதலையானவன் எங்கே போவது என்று தெரியாமல் நின்றான். கிட்டே வரவும் பயம், போகவும் மனமில்லை.

“லைசென்சுக்கு மறுபடி எழுதிப் போடலாம்னு வக்கீல் ஐயா சொன்னாரு...” என்று எதையோ பேசவேண்டுமே என்று பேசினான்.

“ம்.”

“மங்களம்... நான் உங்கூட வரலாமா?”

அவள் கிட்டே வந்தாள். அவனுடைய நெற்றியைப் பார்த்தாள். லோக்காப்பில் வீங்கியிருந்த இடத்தில் இப்போது ஒரு தழும்பு. அன்றைக்கு அந்த வீக்கத்தைத் தொட்டுப் பார்க்கக்கூடத் தோன்றவில்லையே தனக்கு! சட்டையை மோந்த மூக்குக்கு அந்த மனுஷன் படும் வலி தெரியவில்லையே! அவர் சொல்லாதது துரோகம் என்றால், தான் பார்க்காதது என்ன?

அவள் கையை நீட்டி அந்தத் தழும்பைத் தொட்டாள். தொட்டதும் உள்ளே எதுவோ அறுந்ததுபோல் அவன் மார்பில் சாய்ந்து, கோர்ட்டு என்றும் பாராமல், வாய்விட்டு அழுதாள். அர்ச்சுனன் பதறிப் போனான்.

“அழாத மங்களம்... அதான் எல்லாம் முடிஞ்சிருச்சே... அழாத...”

“விடுங்க... குடிகாரனுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடக்கூடாதுன்னு ஒரு வருசமா நான் அழவே இல்லைங்க. இன்னைக்குத்தான் எம் புருசனுக்காக அழுறேன்... அழ விடுங்க!”